'பென்' வேறு, 'பென்சில்' வேறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்பவர்கள் முதல் பாடத்திலேயே சந்திக்கும் சொற்களில் 'பென்', 'பென்சில்' ஆகிய இரண்டும் உண்டு. இரண்டும் எழுதும் கருவிகளின் பெயர்கள். ஒரே ஒலியில் தொடங்குகின்றன. ஒரே பெட்டிக்குள் கிடக்கும் பொருள்களைக் குறிக்கின்றன. ஆகவே ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுவது இயல்பே. ஆனால் இவ்விரண்டுக்கும் பிறப்பால் உறவில்லை. வழக்கிலும்கூட இவை நாம் நினைக்கிற அளவுக்கு இணைச்சொற்கள் அல்ல என்பதே இந்தப் பக்கத்தை எழுதியவரின் கருத்து. மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன.

'பென்சில்' என்பது 'பென்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதானே?

அல்ல. 'பென்' என்பதோடு ஒரு சிறுமை விகுதியைச் சேர்த்து, 'சிறிய பேனா' என்ற பொருளில் 'பென்சில்' உருவானதாகப் பலர் கருதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'சில்' என்று அப்படி ஒரு விகுதியே கிடையாது. 'ஸ்டென்சில்' என்ற சொல்லின் இறுதியிலும் அதே ஒலி வருகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, அது தீப்பொறியைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியில் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'பென்சில்' என்ற சொல்லுக்குள் சிறுமை விகுதி ஒளிந்திருப்பது உண்மைதான். ஆனால் அது லத்தீனிலேயே சேர்ந்துவிட்ட விகுதி. சேர்ந்ததும் இறகோடு அன்று, வாலோடு. சுருக்கமாகச் சொன்னால், 'பென்' என்றால் இறகு. 'பென்சில்' என்றால் சின்னஞ்சிறு வால்.

இறகு எப்படிப் பேனாவாயிற்று?

லத்தீனில் இறகுக்குப் 'பென்னா' என்று பெயர். ரோமானியர்கள் பாப்பிரசுத் தாளில் எழுதியது பெரும்பாலும் நாணல் தண்டைச் சீவிச் செய்த கோலால். அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் 'கலமுஸ்'. அது கிரேக்கத்திலிருந்து எடுத்த சொல். அரபியிலும் உருதுவிலும் இந்தியிலும் பேனாவைக் குறிக்கும் 'கலம்' என்பதும் அந்தக் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. பின்னர் பறவையின் இறகைச் சீவி எழுதும் முறை ஐரோப்பாவில் பரவியபோது, கருவிக்கும் இறகின் பெயரே நிலைத்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த செவில் நகரத்து இசிதோர், நாணலையும் இறகையும் எழுதுகருவிகளாகச் சேர்த்தே குறிப்பிடுகிறார். அந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டை ஒட்டி.

இறகுப் பேனாவைச் சற்று அருகில் வைத்துப் பார்த்தால், இன்றைய பேனாவின் உறுப்புகள் பல அதில் இருப்பது தெரியும். வாத்து அல்லது அன்னத்தின் சிறகில் உள்ள பெரிய இறகின் அடித்தண்டு உள்ளே வெற்றிடமான ஒரு குழல். அதன் முனையைச் சாய்வாகச் சீவி, கூராக்கி, நடுவே நெடுக்காக ஒரு மெல்லிய பிளவு போடுவார்கள். மையில் தோய்த்துத் தாளில் வைத்து லேசாக அழுத்தினால் பிளவு சிறிதே விரியும். மை அதன் வழியே இறங்கும். எழுத எழுத நுனி மழுங்கிவிடும் என்பதால் கையோடு ஒரு சிறு கத்தியும் வேண்டும். மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் கத்தியை ஆங்கிலத்தில் இன்றும் 'பென்நைஃப்' என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இன்று யாரும் பேனா சீவுவதில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பர்மிங்காம் ஆலைகள் எஃகு முள்ளைப் பெருமளவில் செய்யத் தொடங்கின. 1884-இல் லூயிஸ் வாட்டர்மன் ஊற்றுப் பேனாவுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1938-இல் ஹங்கேரியரான லாஸ்லோ பிரோ பந்துமுனைப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் பந்துமுனைப் பேனாவையே 'பைரோ' என்று அவர் பெயரால் அழைக்கும் வழக்கம் இருக்கிறது. கருவி முற்றிலும் மாறிவிட்டது, இறகு என்ற பெயர் மாறவில்லை. ஊற்றுப் பேனாவின் முள்ளில் இன்றும் இருக்கும் அந்த நடுப்பிளவு, இறகில் கத்தியால் போட்ட பிளவின் தொடர்ச்சி.

'பென்சில்' என்றால் வால் என்கிறீர்களே, அது எப்படி?

லத்தீனில் வாலைக் குறித்த பழைய சொல் 'பெனிஸ்'. லத்தீன் பேசியவர்களே அதை ஆணுறுப்புக்கு இடக்கரடக்கலாகப் பயன்படுத்தத் தொடங்கி, நாளடைவில் அந்தப் பொருளே அதற்கு நிலைத்துவிட்டது. வால் என்ற பொருள் வழக்கொழிந்தது. ஆனால் அதற்கு முன்பே அந்த வாலிலிருந்து 'பெனிகுலுஸ்' என்ற சொல் கிளைத்திருந்தது. துடைக்கவும் தூசு தட்டவும் பயன்பட்ட, விலங்கின் வாலைப் போன்ற மயிர்க்கற்றைக்கு அது பெயர். அதையும் இன்னொரு முறை சிறுமைப்படுத்தியபோது 'பெனிகில்லுஸ்' கிடைத்தது. அது ஓவியரின் மெல்லிய தூரிகை. ஆக, வாலின் சிறுமையின் சிறுமை.

நல்ல தூரிகை ஒன்றை நீரில் நனைத்து எடுத்துப் பாருங்கள். பிரிந்து கிடந்த மயிர்கள் ஒன்றுகூடி, நடுவில் பருத்து, முனையில் கூர்ந்து நிற்கும். அணிலின் வாலையோ கீரியின் வாலையோ நினைவுபடுத்தும் அந்த உருவம்தான் பெயருக்குக் காரணம். பழைய பிரெஞ்சில் இச்சொல் 'பின்செல்' ஆகி, பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, தூரிகை என்ற பொருளில்தான் வந்தது. எழுதும் பென்சில் அப்போது உலகில் இல்லை.

அப்படியானால் தூரிகை எப்போது எழுதுகோலாக மாறியது?

பதினாறாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள பாரோடேல் பள்ளத்தாக்கில், கையில் எடுத்துக் கோடு கிழிக்கும் அளவுக்குத் தூய்மையும் கெட்டித்தன்மையும் கொண்ட கிராஃபைட் கிடைத்தது. அதைச் சிறு குச்சிகளாக அறுத்து மரத்துக்குள் பொதிந்து பயன்படுத்தினார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் கொன்ராட் கெஸ்னர், புதைபடிவங்களைப் பற்றி 1565-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய கருவி ஒன்றின் படத்தையே தந்திருக்கிறார். மெல்லிய தூரிகை செய்துவந்த வேலையை, அதாவது ஓவியத்துக்கான மெல்லிய கோடுகளை, இந்தப் புதுக் கருவி மையோ நீரோ இல்லாமல் செய்தது. ஆகவே தூரிகையின் பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. நெடுங்காலம் இரண்டு பொருளும் அருகருகே வழங்கின. பிறகு 'பிரஷ்' என்ற சொல் தூரிகையை முழுவதுமாக எடுத்துக்கொள்ள, 'பென்சில்' எழுதுகோலோடு நின்றது.

மற்ற மொழிகளில் இந்த மாற்றம் நிகழவில்லை. பிரெஞ்சில் 'பேன்சோ', ஜெர்மனில் 'பின்செல்', ஸ்பானியத்தில் 'பின்செல்' ஆகிய மூன்றும் அதே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். மூன்றும் இன்றும் தூரிகையையே குறிக்கின்றன. அம்மொழிகளைக் கற்பவர்கள் ஆங்கில நினைவில் பென்சில் என்று எழுதிவிடுவது அடிக்கடி நிகழும் பிழை.

பென்சிலுக்குள் இருப்பது ஈயம் என்கிறார்களே?

ஈயம் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை. பாரோடேலில் கிடைத்த பொருளை அக்காலத்தவர் ஈயத்தின் ஒரு வகை என்று எண்ணி 'கருப்பு ஈயம்' என்று அழைத்தார்கள். 1779-இல் கார்ல் ஷீலே அது கரியின் ஒரு வடிவம் என்று காட்டினார். 1789-இல் ஆபிரகாம் வெர்னர், 'எழுது' என்ற பொருள்தரும் கிரேக்க வினைச்சொல்லைக் கொண்டு அதற்கு கிராஃபைட் என்று பெயரிட்டார். ஆங்கிலம் பேசுவோர் மட்டும் பென்சிலின் உள்தண்டை இன்றுவரை 'லெட்' என்றே சொல்கிறார்கள். தமிழில் வைத்த 'கரிக்கோல்' என்ற பெயர் அன்றாட வழக்கில் அதிகம் நிலைக்கவில்லை என்றாலும், வேதியியல்படி அதுவே சரியான பெயர்.

இவ்விரண்டு சொற்களின் உண்மையான உறவினர்கள் யார்?

இந்த ஆய்வில் மிகவும் சுவையான பகுதி இதுதான். 'பென்' என்பதன் மூதாதையான 'பென்னா', பறத்தலைக் குறிக்கும் 'பெத்' என்ற பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது என்பது மொழியியலாளர் கருத்து. அதே வேரிலிருந்து, 'ப' என்ற ஒலி 'ஃப' ஆக மாறும் ஜெர்மானிய ஒலிமாற்றத்தின்படி, ஆங்கிலத்தின் 'ஃபெதர்' பிறந்தது. கிரேக்கத்தில் சிறகைக் குறிக்கும் 'ப்டெரான்' அதே குடும்பம். 'ஹெலிகாப்டர்' என்ற சொல்லின் பின்பாதி அதுதான். வடமொழியில் சிறகு, இறகு, இலை ஆகியவற்றைக் குறிக்கும் 'பத்ர' என்பதும் அதே வேரில் முளைத்ததே. இலை என்பது எழுதும் ஏடாகி, தமிழில் பத்திரம், பத்திரிகை என்ற சொற்கள் வந்தன. ஆக, 'பென்' என்ற சொல்லுக்கு ஹெலிகாப்டர் உறவு, பத்திரிகை உறவு. பக்கத்திலேயே கிடக்கும் 'பென்சில்' மட்டும் உறவில்லை.

'பென்சில்' என்பதற்கும் எதிர்பாராத உடன்பிறப்பு ஒன்று உண்டு. ஒருவகைப் பூஞ்சையின் வித்துத் தாங்கும் கிளைகள் நுண்ணோக்கியில் தூரிகையின் மயிர்க்கற்றை போலத் தெரிந்ததால், 1809-இல் அதற்குப் 'பெனிசிலியம்' என்று பெயரிட்டார்கள். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் தம் ஆய்வுத் தட்டில் கண்டது அந்தப் பூஞ்சையைத்தான். அது சுரந்த பொருளுக்கு அவர் வைத்த பெயர் 'பெனிசிலின்'. உயிர்காக்கும் மருந்தும் பள்ளிக்கூடப் பென்சிலும் ஒரே வாலின் இரு நுனிகள்.

தமிழில் வழங்கும் 'பேனா' இவற்றுள் எதைச் சேர்ந்தது?

'பென்' என்பதன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் ஆங்கிலத்தின் வழியாக வந்ததன்று. போர்ச்சுகீசிய மொழியில் இறகுக்கும் பேனாவுக்கும் 'பெனா' என்றே பெயர். தமிழில் கலந்த மேசை, சாவி, அலமாரி போன்ற போர்ச்சுகீசியச் சொற்களோடு இதுவும் வந்தது. பேனாவுக்குத் 'தூவல்' என்று எழுதுவோரும் உண்டு. தூவல் என்றாலும் பறவையின் இறகுதான் என்பதை அறிந்தால், தமிழிலும் பெயரின் அடியில் அதே இறகு இருப்பது புலப்படும்.

அகராதியில் 'பென்' என்று நான்கு பதிவுகள் இருப்பது ஏன்?

ஒரே எழுத்துக்கூட்டும் ஒரே ஒலியும் கொண்ட வெவ்வேறு சொற்கள் அவை. எழுதுகருவி ஒன்று. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றை அடைக்கும் பட்டி அல்லது கொட்டில் இன்னொன்று. இது பழைய ஆங்கிலத்திலிருந்தே வருவது, இறகோடு தொடர்பில்லாதது. பெண் அன்னத்துக்கும் 'பென்' என்று பெயர் உண்டு. அமெரிக்கப் பேச்சுவழக்கில் சிறைச்சாலையைக் குறிக்கும் நீண்ட சொல் ஒன்றைச் சுருக்கியும் 'பென்' என்பார்கள்.

இந்த ஒலிப்பொதுமை கணினி மொழிபெயர்ப்பின் வரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்டது. 1960-இல் யெகோசுவா பார்-ஹில்லெல் என்ற அறிஞர், எந்திரத்தால் முழுமையான மொழிபெயர்ப்பு ஏன் எளிதன்று என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டைத் தந்தார். ஒரு சிறுவன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான். கடைசியில் பெட்டி 'பென்'னுக்குள் இருக்கிறது. பெட்டி பேனாவுக்குள் இருக்க முடியாது, பேனாதான் பெட்டிக்குள் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே இது குழந்தைகள் விளையாடும் அடைப்பு என்று நொடியில் புரிந்துகொள்கிறோம். பெட்டியும் பேனாவும் எவ்வளவு பெரியவை என்று அறியாத எந்திரம் அதை எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதே அவர் கேள்வி.

'பென்ட் இன்', 'பென்சில்ட் இன்' இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. 'பென்' என்ற வினையின் இறந்தகால வடிவத்தோடு 'இன்' சேர்ந்தால், அடைபட்ட, வெளியேற வழியில்லாத என்று பொருள். இங்கே வருவது எழுதுகருவி அன்று, மேலே சொன்ன ஆட்டுப்பட்டி. மனத்துக்குள் அடக்கிவைத்த கோபத்தைச் சொல்லும் 'பென்ட்-அப்' என்ற தொடரும் அந்தப் பட்டியிலிருந்து வந்ததே.

'பென்சில்' என்ற வினையோடு 'இன்' சேர்ந்தால், இன்னும் உறுதியாகாத ஒன்றை இப்போதைக்குக் குறித்துவைத்தல் என்று பொருள். "வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்களைப் பென்சில் இன் செய்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், நேரம் ஒதுக்கியிருக்கிறார், ஆனால் மாறக்கூடும் என்று எச்சரிக்கிறார் என்றே கொள்ள வேண்டும். கணினி நாட்காட்டியில் குறித்தாலும் சொல் அதுவே. இதைத் தமிழில் பென்சிலால் எழுதினார் என்று பெயர்த்தால் பொருளே போய்விடும். "தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன்" என்பதே பொருத்தம்.

பென்சிலுக்கு இந்தத் தற்காலிகப் பொருள் எப்படி வந்தது?

அழிக்க முடியும் என்பதால். முதலில் ரொட்டியின் மென்பகுதியை உருட்டித்தான் கிராஃபைட் கோடுகளை அழித்தார்கள். இந்த வேலைக்கு ரப்பர் பிசின் மிகவும் ஏற்றது என்று 1770-இல் ஜோசஃப் பிரீஸ்ட்லி குறிப்பிட்டார். தேய்த்தல் என்ற ஆங்கில வினையிலிருந்துதான் 'ரப்பர்' என்ற பெயரே வந்தது. 1858-இல் ஹைமன் லிப்மன் பென்சிலின் முனையிலேயே அழிப்பானைப் பொருத்தி அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஏற்கெனவே இருந்த இரண்டு பொருள்களைச் சேர்த்து வைத்தது புதுக் கண்டுபிடிப்பாகாது என்று 1875-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. காப்புரிமை அழிந்தாலும், எழுதுவதும் அழிப்பதும் ஒரே கோலின் இரு முனைகள் என்ற எண்ணம் சொல்லிலேயே பதிந்துவிட்டது.

'பென்' என்பதை வினையாக எப்போது பயன்படுத்தலாம்?

ஒருவர் ஒரு கவிதையையோ கட்டுரையையோ கடிதத்தையோ இயற்றினார் என்று சொல்லும்போது. கருவி எது என்பது இங்கே பொருட்டன்று. கணினியில் தட்டச்சு செய்த கட்டுரையையும் 'பென்ட்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. சற்று அலங்காரமான, இதழியல் வாடையுள்ள சொல் அது. பெயரை எழுதினார், முகவரியை எழுதினார் என்பதற்கெல்லாம் அதைப் பயன்படுத்தினால் சிரிப்பு வரும். தமிழில் 'யாத்தார்' என்று எழுதுவதைப் போல அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

'பென்சில்' வினையாக வரும்போது நிலைமை நேர்மாறு. ஒருவர் ஒரு குறிப்பைப் 'பென்சில்ட்' என்றால் உண்மையிலேயே பென்சிலால்தான் எழுதினார். புருவத்தைத் தீட்டிக்கொள்வதற்கும் அந்த வினை உண்டு. அங்கே ஓவியத் தூரிகையின் பழைய நினைவு சற்று எட்டிப் பார்க்கிறது.

'இன் பென்சில்', 'வித் எ பென்சில்' இவற்றுள் எது சரி?

இரண்டும் சரி, நோக்கம் வேறு. 'வித் எ பென்சில்' என்றால் கருவியைச் சொல்கிறீர்கள். 'இன் பென்சில்' என்றால் தாளில் பதியும் தடத்தின் தன்மையைச் சொல்கிறீர்கள்; அதனால்தான் அங்கே 'எ' என்ற சுட்டுச்சொல் வருவதில்லை. படிவங்களில் 'இன் பென்' என்று எழுதுவதும் உண்டு. ஆனால் முறையான எழுத்தில் 'இன் இங்க்' என்பதே மிகுதி.

அப்படியானால் 'பென்', 'பென்சில்' எதிர்ச்சொற்கள் இல்லையா?

பொருள்களாகப் பார்த்தால் எதிரெதிரே வைக்கலாம். சொற்களாகப் பார்த்தால், என் கணிப்பில், இல்லை. ஆங்கில வழக்கில் 'பென்சில்' என்பதற்கு எதிரே நிற்பது 'இங்க்', அதாவது மை. தற்காலிகமாகப் பேசிவைத்த ஒப்பந்தம் பென்சிலில் இருக்கிறது என்பார்கள். கையெழுத்தானதும் அது 'இங்க்ட்'. சித்திரக்கதை உருவாக்கத்தில் முதல் வரைவைப் போடுபவர் 'பென்சிலர்', அதன்மேல் மை தீட்டி உறுதிப்படுத்துபவர் 'இங்கர்'. 'பென்னர்' என்று யாரும் இல்லை.

'பென்' என்பதற்கு எதிரே நிற்பது வேறொன்று: வாள். 1839-இல் எட்வர்ட் புல்வர்-லிட்டன் தம் நாடகம் ஒன்றில் வாளைவிடப் பேனா வலிமையானது என்று எழுதிய வரி உலகெங்கும் பரவியது. அங்கே பேனா என்பது ஒரு கருவி அன்று. எழுத்தின் ஆற்றல், எழுதுபவரின் அதிகாரம். ஒரே கையொப்பத்தில் ஒரு சட்டம் மாறிவிட்டதைச் சொல்லும்போதும் பேனாவின் ஒரு கீற்றைத்தான் ஆங்கிலம் சொல்கிறது. புனைபெயருக்குப் 'பென் நேம்' என்கிறார்கள். அதே பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'நோம் டி ப்ளூம்' என்ற தொடர் பிரெஞ்சைப் போலத் தோன்றினாலும், பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு ஆங்கிலேயர்கள் கட்டியது. அதிலுள்ள 'ப்ளூம்' என்பதற்கும் இறகு என்றே பொருள். இந்த இடங்களில் எல்லாம் பென்சிலைப் பொருத்திப் பார்த்தால் தொடர் உடைந்துவிடும்.

இவை இரண்டும் ஒரே பொருளில் வரும் இடமே கிடையாதா?

ஓரிடம் உண்டு. கோப்புகளிலேயே காலம் கழிக்கும் அலுவலரை இளக்காரமாகச் சொல்வதற்குப் பிரிட்டனில் 'பென் புஷர்' என்றும் அமெரிக்காவில் 'பென்சில் புஷர்' என்றும் வழங்குகிறது. தள்ளப்படும் பொருள் எதுவானாலும் ஏளனம் ஒன்றே.

இயற்பியலிலும் வடிவியலிலும் 'பென்சில்' என்று வருகிறதே, அது என்ன?

ஒரு புள்ளியில் கூடுகிற அல்லது ஒரு புள்ளியிலிருந்து விரிகிற ஒளிக்கதிர்களின் மெல்லிய கற்றையை ஒளியியலில் 'பென்சில்' என்பார்கள். ஒரே புள்ளி வழியாகச் செல்லும் கோடுகளின் தொகுதிக்கும் வடிவியலில் அதே பெயர். மாணவர்கள் இதை எழுதுகோலின் கூர்முனையோடு ஒப்பிட்டு நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் பல இழைகள் ஒரு முனையில் வந்து சேரும் நனைந்த தூரிகையை நினைத்தால் படம் இன்னும் தெளிவாகும். தமிழில் 'ஒளிக்கற்றை' என்று சொல்லும்போது, மயிர்க்கற்றை என்ற அந்தப் பழைய உருவம் தானாகவே உள்ளே வந்துவிடுகிறது.

'பென்' என்று தொடங்கும் மற்றச் சொற்கள்?

பெரும்பாலானவற்றுக்கு இறகோடு தொடர்பில்லை. 'பென்ஷன்' எடைபோட்டுக் கொடுத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தீபகற்பத்தைக் குறிக்கும் 'பெனின்சுலா' ஏறத்தாழத் தீவு என்று பொருள்படும் கூட்டுச்சொல். 'பென்ட்ஹவுஸ்' என்பதில் 'பென்' மட்டுமன்று, வீடு என்ற பகுதியும் பொய். பிரெஞ்சுச் சொல் ஒன்றை ஆங்கிலேயர் தங்கள் காதுக்கு ஏற்ப வீடாக்கிக்கொண்டது அது. 'பென்நைஃப்' மட்டும் நேரான உறவு.

எழுத்துக்கூட்டில் கவனிக்க வேண்டியது உண்டா?

'பென்சில்' வினையாகும்போது பிரிட்டன் முறையில் 'எல்' எழுத்து இரட்டிக்கும், அமெரிக்க முறையில் இரட்டிக்காது. 'பென்' வினையில் 'என்' எழுத்து இரு முறையிலும் இரட்டிக்கும். உச்சரிப்பில் 'பென்சில்' என்பதன் முதல் அசைக்கே அழுத்தம். இறுதி அசையின் உயிரொலி ஏறக்குறைய மறைந்துவிடும்.

பழைய ஆங்கில நூல்களை மொழிபெயர்க்கும்போது எதில் எச்சரிக்கை தேவை?

ஓவியர்களைப் பற்றிய பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்துகளில் 'பென்சில்' என்ற சொல்லைக் கண்டவுடன் நின்று பார்க்க வேண்டும். வண்ணம், எண்ணெய், துணித்திரை ஆகியவை அருகில் பேசப்பட்டால் அது தூரிகை. ஓர் ஓவியரின் 'பென்சில்' புகழப்பட்டால், அவர் தீட்டும் திறன் புகழப்படுகிறது. வரைபடம், தாள், அழித்தல் ஆகியவை அருகில் வந்தால் எழுதுகோலாக இருக்கலாம். நூல் எழுதப்பட்ட ஆண்டை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது. ஒரே நூலில் இரண்டு பொருளும் வரக்கூடும்.

ஒருமுறை நான் மெய்ப்புப் பார்த்த ஒரு மொழிபெயர்ப்பில், ஓவியர் ஒருவர் பென்சிலைச் சிவப்பு வண்ணத்தில் தோய்த்து ஒரு பெண்ணின் உதட்டைத் தீட்டியதாக வந்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் கவனக்குறைவானவர் அல்லர். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கும் என்று ஐயுறக் காரணமே அவருக்கு இருந்ததில்லை. அந்தப் பக்கத்தில் மூன்று இடங்களில் தூரிகை என்று திருத்தினேன். நான்காவது இடத்தில் கை நின்றது. ஓவியர் தம் நண்பருக்கு அவசரமாக எழுதிய ஒரு சீட்டு, பென்சிலில் இருந்ததால் பாதி அழிந்துபோயிற்று என்று அங்கே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.